புள்ளி விழுந்த வெள்ளிப் பாம்பு

நான் ஒரு சாமிக்குப் பழுதான சாமானைக் கொடுத்திருக்கிறேன். கடவுள் இல்லையென்று மீசை முளைத்த நாள்முதல் வாதாடி வந்தவன், நல்லதை எனக்கு வைத்துக்கொண்டு பழுதைக் கடவுளுக்கு ஒதுக்கினேன் என்றால், என் நாத்திகத்தின் தரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் என்றது ஒரு வெள்ளிக் காசு. அவுஸ்திரேலியாவிலுள்ள நண்பர் ஒருவர், சீனர்களின் கணக்குப்படி எலி, எருது, புலி என்று வருடத்துக்கொரு மிருகம் பொறித்த காசுகளை எனக்கு அனுப்பிவந்தார். பன்னிரண்டும் சேர்ந்துவிட்டன. பாம்பு மட்டும் தவறுதலாக இரண்டு. அரியாலை வீட்டு அலுமாரியில் மேல்தட்டில் தத்துவப் புத்தகங்கள், கீழ்த்தட்டில் மிருகங்கள். புத்தகங்களை வெறுங்கையால் எடுப்பேன். காசுகளுக்குக் கையுறை.

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்த என் அண்ணை அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

“எங்கடை மாட்டுக்கு ஒரு பிடி வைக்கல் போட்டறியாய். சீனாக்காரன்ரை எருதுக்குக் கையுறை போடுறாய், என்ன?”

“அண்ணை, நீங்கள் பிறந்தது பாம்பு வருசம்.”

“அதை உன்ரை மச்சாள் கலியாணம் கட்டின அண்டே சொல்லிப்போட்டாள்.”

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகின. ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆயுள் முழுக்கத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த மனிதர் குடிக்கக் கேட்டபோது, போத்தல் மூடியால் அளந்து கொடுத்தோம்.

அவருடைய மனைவி, என் மச்சாள், சாத்திரியாரிடம் ஓடினார். முந்திய போகத்தில் பாத்தி கட்டும்போது அண்ணையின் மண்வெட்டி பட்டு ஒரு நாகம் செத்திருந்தது. நாகதோசம் என்றார் சாத்திரியார். வெள்ளியில் ஒரு நாக உருவை நாகதம்பிரான் கோயில் ஐயரிடம் கொடுத்துப் பூசை செய்வித்து, உண்டியலில் போட வேண்டும்.

“நகை செய்யிற பத்தரிட்டைச் செய்யக் குடுக்கவேணும் தம்பி.”

“ஏன் மச்சாள் பத்தர்? அவரின்ரை பாம்பு மண்புழு மாதிரி இருக்கும். என்னட்டை அசல் வெள்ளியிலை, செதில் செதிலாய் இருக்கு” என்று முந்திக்கொண்டேன். நாத்திகம் ஒருபுறமிருக்க, என் பாம்பின் அழகை ஒருவராவது ஒப்புக்கொள்ள ஒரு சந்தர்ப்பம்.

வீட்டுக்குப் போய் இரண்டு பாம்பையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பாம்பின் தலையில் பால் தெறித்ததுபோல ஒரு வெள்ளைப் புள்ளி. வெள்ளிக் காசுகளில் சிலவேளை இப்படி வரும். துடைத்தாலும் போகாது. சேகரிப்பவன் கண்ணில் அது சொத்தைப் பல். அதையே எடுத்தேன். போதாக்குறைக்கு, அது இருந்த பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி வைத்துக்கொண்டேன். மச்சாள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார்.

அண்ணை தேறவில்லை. கால்கள் வீங்கி மினுங்கின. கடைசிக் கிழமையில் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“பாம்பு தோலைக் கழட்டிப்போட்டு எழும்பிப் போகுமடா. எனக்கேன் இது கழருதில்லை?”

மாரி மழை தொடங்குமுன் போய்விட்டார். தகனத்துக்கு மறுநாள், காடாத்தன்று சாம்பலில் பால் தெளிக்கச் சொன்னார்கள். கறுத்த சாம்பலில் விழுந்த வெள்ளைத் துளிகளைப் பார்த்தபடி செம்போடு நின்றேன். ஐயர் இரண்டுதரம் கூப்பிட வேண்டியிருந்தது. நம்பாத சாமி, நம்பாத தோசம், நம்பாத நேர்த்தி. ஆனால் அந்தப் புள்ளியை மட்டும் நம்பினேன். நல்ல காசைக் கொடுத்திருந்தால்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, சனம் சாப்பிட்டுக் கலைந்த பின், குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டிக் கூட்டையும் விடவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

“ஐயர் அதை வாங்கவேயில்லைத் தம்பி. திருப்பிப் பாத்திட்டு, ‘பின்னாலை வெள்ளைக்கார ராணியின்ரை தலையெல்லே கிடக்கு, இது எந்தச் சாமிக்கு’ எண்டு கேட்டார். நான் பத்தரிட்டைச் செய்விச்சுத்தான் போட்டனான்.”

“மண்புழு மாதிரியோ?” என்றேன்.

“ஓம், மண்புழு மாதிரித்தான். புள்ளி ஒண்டும் இருக்கேல்லை. அதுக்கும் மனிசன் போயிட்டார்தானே.” ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். “உம்மடை காசு ஆரையும் காப்பாத்தவும் இல்லை, கொல்லவும் இல்லை. உங்கை அலுமாரிக்கை கிடக்கு, போகேக்கை கொண்டுபோம்.”