ஒத்தைக்கேள்வி அக்காவும் அறுபது வீடுகளும்

தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் இன்றைக்கும் அவள் நடையை நிறுத்திவிடுகிறாள். லாரி போய், தெருவில் சத்தம் அடங்கிய பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பாள். பார்ப்பவர்கள் மூட்டுவலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

போர் வருவதற்கு முன்னால் அவள் ஒரு சோப்புக் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். வீடு வீடாகப் போய், எந்த சோப்பில் குளிக்கிறீர்கள் என்று கேட்கிற வேலை. போரின் இரண்டாவது குளிர்காலத்தில் சோப்பே கண்ணில் படாமல் போனது, கம்பெனி கதவைச் சாத்தியது. கொஞ்ச நாளில் அரசாங்கத்துக்கும் கேள்வி கேட்க ஆள் தேவைப்பட்டது. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாலும் சிரித்துக்கொண்டே மறுபடி தட்டத் தெரிந்தவர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்? சோப்புப் பட்டாளத்தையே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

கேள்வி ஒன்றே ஒன்று. போர் தொடர வேண்டுமா? வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டம். மாதம் ஒருமுறை, அதே அறுபது வீடு. தெருக்காரர்கள் அவளுக்கு ஒத்தைக்கேள்வி அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஒத்தைக்கேள்வி வந்தாச்சு, அடுப்பு எரியுதான்னு பாத்துட்டுப் பதில் சொல்லுங்க" என்று செருப்புக் கடைக்காரர் கடையிலிருந்தே குரல் கொடுப்பார்.

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. மாவு வந்த வாரம் 'வேண்டும்' ஏறும். கரண்ட் இரண்டு நாள் தொடர்ந்து போனால் 'வேண்டாம்' ஏறும். ரிடையரான ரயில்வே குமாஸ்தா ஒருவர், "கடைசி ஆள் இருக்கிற வரைக்கும் விடக்கூடாது" என்று மாதாமாதம் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னவர், இதய மாத்திரை கடைகளில் தீர்ந்துபோன மாதம், "யாராவது உக்காந்து பேசி முடிச்சுத் தொலைங்கம்மா" என்றார். அக்கா முகத்தில் எதையும் காட்டாமல் கட்டத்தில் குறி போட்டாள். மனதுக்குள் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஏனென்றால் அவளுடைய ஒரே மகன் பதினைந்து மாதமாகப் போர்முனையில் இருந்தான். கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்ததெல்லாம் இவன்தான். ஒருநாள் மேலாளர் டீயை உறிஞ்சிக்கொண்டே போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "மேலிடத்துல இந்த எண்ணிக்கையைத்தாம்மா பாக்குறாங்க. பாதிக்குக் கீழ எறங்கினா பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்குவாங்களாம்." அவருக்கு அது டீக்கடைப் பேச்சு. அவளுக்கு அது வேதவாக்கு. அவளுடைய அறுபது வீட்டில் 'வேண்டும்' நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தேழு ஆகியிருந்தது, பிறகு முப்பத்துமூன்று. இன்னும் நாலே வீடு.

அதற்கப்புறம் அவள் நாள் பார்த்துப் போக ஆரம்பித்தாள். மாவு வந்த நாளில் போகமாட்டாள். அடுப்பு அணைந்திருக்கிற நேரம், குழந்தை அழுகிற நேரம், வரிசையில் நின்று கால் கடுத்துத் திரும்பிய நேரம் பார்த்துக் கதவைத் தட்டுவாள். எந்த நாளில் கேட்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லையே. ஊர் கஷ்டப்பட்டால் மகன் வருவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். இப்படித்தான் ஒரு நல்ல மனுஷி, பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் வருத்தப்படுகிற ஆளாக மாறினாள். அவளைத் திட்ட எனக்கும் வாய் வருகிறது, ஆனால் மனசு வரவில்லை.

அந்த மாதம் பார்த்து நிலைமை கொஞ்சம் சீரானது. மாவு நேரத்துக்கு வந்தது. தண்ணீர் லாரியும் தினமும் வந்தது. லாரி ஓட்டியது அவளுடைய தம்பி. அவனை லாரி நிற்கிற கொட்டகையிலேயே போய்ப் பிடித்தாள்.

"மூணு நாளைக்கு எங்க தெருப்பக்கம் வராதே."

"என்னக்கா பேசுற? கைக்குழந்தை இருக்கிற வீடெல்லாம் இருக்கு."

"செத்தா போயிடுவாங்க? ஸ்டேஷன் பக்கத்துல குழாய் இருக்குல்ல, போய்ப் பிடிச்சிட்டு வரட்டும். தோள் வலிச்சாத்தான் வாய் திறப்பாங்க. உன் மருமகன் வீடு வந்து சேர வேணாமா?"

தம்பி டயரை ஒரு உதை உதைத்தான். "பம்பு ரிப்பேர்னு சொல்லிடறேன்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மூன்றாம் நாள் காலை அவள் தாளோடு கிளம்பினாள். முதல் எட்டு வீட்டில் ஏழு வீடு வேண்டாம் என்றது. ஒன்பதாவது வீட்டு வாசலில் நிற்கும்போது தரை அதிர்ந்தது. குண்டு ஸ்டேஷனைக் குறிவைத்து வந்தது, விழுந்தது குழாயடி வரிசையில். பதினொரு பேர். அவர்களில் ஏழு பேர் அவளுடைய அறுபது வீட்டுக்காரர்கள். தெருக்கோடித் தையல்காரியின் மகளும் போய்விட்டாள். பதினேழு வயது. அம்மா பட்டாளச் சட்டை தைத்து முடிக்க வேண்டியிருந்ததால் இரண்டு கேனையும் அவளே தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

அடுத்த வாரம், முதல் வீட்டிலிருந்து மறுபடி கேட்கச் சொன்னது ஆபீஸ். கேட்டாள். வேண்டும், வேண்டும், வேண்டும். குமாஸ்தா மாத்திரை இல்லாமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கடைசி ஆள் வரைக்கும்" என்றார். செருப்புக் கடைக்காரர் கேலி பேசவில்லை. அவர் மனைவியும் அந்த வரிசையில் நின்றவள். தண்ணீர் வராமல் இருந்தவரை அவர்கள் கோபம் சொந்த அரசாங்கத்தின் மேல் இருந்தது. குண்டு விழுந்ததும் அது அப்படியே எல்லை தாண்டிப் போய்விட்டது. மூன்று நாள் லாரி ஏன் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் அவள் அங்கேயே உடைந்திருப்பாள்.

கடைசி வீடு தையல்காரியுடையது. மிஷினுக்குப் பக்கத்தில் இரண்டு கேன்களும் இருந்தன. யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் ஓட்டை. அக்கா கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள்.

"வேணாம்னு நீ சொல்லலாம்மா. தப்பே இல்ல."

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். "நிறுத்திட்டா, ரெண்டு பக்கமும் கை குலுக்கிட்டுப் போயிடுவாங்க. என் பொண்ணு தண்ணி பிடிக்கப் போய்ச் செத்தாள்னு ஆயிடும். அவ்வளவுதானா அவ?"

"அந்த லாரி..."

"லாரிக்கு என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"உங்க பையன் அங்கதானே இருக்கான்? அவளும் அவனும் ஒரே ஸ்கூல். அவனுக்கு எழுதுங்க. இதை முடிக்காம ஊர் திரும்ப வேணாம்னு எழுதுங்க. இப்பவே எழுதுங்க. நானே தபால்ல போடறேன்."

மாட்டேன் என்று சொல்ல ஒரே வழிதான் இருந்தது, லாரியைப் பற்றிச் சொல்வது. அவள் பேனாவை எடுத்தாள். மிஷின் மேலேயே தாளை வைத்து, தையல்காரி சொல்லச் சொல்ல எழுதினாள். கீழே 'அம்மா' என்று கையெழுத்துப் போட்டாள். அன்று மாலையே இன்னொரு கடிதம் எழுதி, முதல் கடிதத்தை நம்பாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவன் கேட்டால்? நாலு தாளைக் கிழித்துப் போட்டாள்.

ஐந்து வாரம் கழித்து மகனிடமிருந்து பதில் வந்தது. அம்மா, பத்து நாள் லீவு கொடுத்திருந்தார்கள், உன்னிடம் சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று இருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு முன்வரிசைக்குப் போகிறேன்.

தையல்காரி அந்தக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நல்ல பிள்ளையைப் பெத்திருக்கீங்க அக்கா" என்றாள்.