முதுகில் நீலப்பட்டி

எங்கள் தோணியில் இரண்டு பேர். முன்னுக்கு நின்று வீச்சுவலை எறிவது நான். பின்னுக்கு இருந்து சவள், அதாவது துடுப்பு, வலிப்பது மச்சான், என் மனைவியின் தம்பி. கடலோடு சேரும் எங்கள் வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். இருபது வருடமாக அந்த ஆற்றில் இதே ஒழுங்குதான்.

இடுப்பு நோவு வந்து மூன்று வருடம். முதலில் விடிய எழும்பும்போது மட்டும் இருந்தது. பிறகு வலை இழுக்கும்போதும் வந்தது. போன மாரி முடிந்து ஒரு நாள், எறிந்த வலையை என்னால் தூக்க முடியவில்லை. மச்சான் வந்து இழுத்தான்.

"இனி நான் முன்னுக்கு நிக்கிறன் அத்தான். நீங்க சவள வலிங்க."

"கரைக்கு விடு" என்றேன்.

எறிய ஏலாதவன் தோணியில் பாதி ஆள். அப்படித்தான் எங்கள் பக்கத்தில் நினைப்பு. என் நினைப்பும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பில் பெரிய பழுது இல்லை, தசைதான் என்றார்கள். பயிற்சி கொடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது ஒரு பெண்பிள்ளை, என் மகளின் வயது. சட்டையைக் கழற்றிக் குனியச் சொன்னார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நீளமாக ஒவ்வொரு நீலப்பட்டி, இடுப்பில் குறுக்கே ஒன்று ஒட்டினார். பார்த்தால் துணி. இழுத்தால் றப்பர் போல நீளும்.

"இது மருந்தா பிள்ள?"

"மருந்து ஒண்டும் இதுல இல்ல ஐயா. நோவு கொஞ்சம் குறையலாம். சில ஆக்களுக்குக் குறையாது. நான் காட்டுற பயிற்சியையும் விடாமச் செய்யோணும்."

நனைந்தாலும் கழலாது, நாலு நாள் நிற்கும் என்றார்.

அடுத்த நாள் மூன்றாவது வீச்சில் எல்லாம் கழன்று போயிற்று. ஒரு பட்டியை மச்சான் சவளால் தூக்கிக் காட்டினான்.

"அத்தான், இண்டைக்கு முதல் மீன்."

திரும்பவும் அந்தப் பிள்ளையிடம் போய், உங்கள் பட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை என்றேன். அவர் என் முதுகை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எண்ணெய் பூசினீங்களா ஐயா?"

"ஓம். பூசாம ஆத்துல எப்பிடி இறங்கிற?"

உப்புத் தண்ணீர் தோலை அரிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் நான் இறங்குவது. அன்று பட்டிக்கு மேலேயும் தேய்த்திருந்தேன், ஓரம் நன்றாக ஊறட்டும் என்று.

அவர் சிரித்துவிட்டார். "எண்ணெய் பூசிற கழட்டக்குள்ள ஐயா. ஒட்டக்குள்ள இல்ல."

அடுத்த முறை மனைவியையும் கூட்டிப் போனேன். அவள் பார்த்துப் பழகிக்கொண்டாள். சோப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, பட்டியின் மூலையை வட்டமாக வெட்டி, ஒட்டின பிறகு உள்ளங்கையால் சூடு வரத் தேய்ப்பாள்.

நோவு போகவில்லை. கொஞ்சம் தணிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஆற்றில் நான் சட்டை போடுவதில்லை. பின்னுக்கு இருக்கிறவனுக்கு என் முதுகு முழுவதும் தெரியும்.

"அத்தான், நீங்க எந்த நேரமும் வலப்பக்கம்தான் கிறுகித் திரும்புறீங்க. ஒரு பட்டி சுருங்குது, மத்தது இழுபடுது. முழங்காலையும் மடக்கிறதில்ல."

"நீ மீனப் பாரு."

"மீன எங்க பாக்க? முன்னுக்கு உங்கட முதுகுதானே நிக்குது."

ஆத்திரம் வந்தது. ஆனாலும் அடுத்த வீச்சில் காலை மடக்கிப் பார்த்தேன். வலை லேசாக வந்தது. பிறகு நான் வலை இழுக்கக் குனியும்போதெல்லாம் பின்னாலிருந்து "கால்!" என்று ஒரு சத்தம் வரும். நானும் மடக்குவேன். வீட்டில் காலையும் மாலையும் பாயில் படுத்துப் பயிற்சி செய்தேன்.

இரண்டு மாதம் போன பிறகு பட்டியை விட்டேன். நோவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பயிற்சியை விடவில்லை. எத்தனை வீச்சுத் தாங்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். இருபது.

இருபது முடிந்த ஒரு நாள் நானே சொன்னேன். "மறுகா, இனி நீ எறி."

அவன் சவளைத் தந்துவிட்டு முன்னுக்குப் போனான். நான் பின்னுக்கு இருந்தேன். அவன் எறிந்தான். வலை நன்றாக விரிந்தது. குனிந்து இழுத்தான்.

"கால்!" என்றேன்.

"என்ன அத்தான், எனக்கும் பட்டி ஒட்டப் போறீங்களா?"

"இழு பேசாம."

அன்று மணலை மீனும் இறாலும் பட்டது. பாதி அவன் எறிந்தது.