செல்வியின் பெயரை இருபது முறை

காரைக்குடியில் ஒரு மருத்துவமனைக்கு, நோயாளிகளின் பழைய பதிவுகளைத் தேடித் தரும் மென்பொருளை எழுதியவன் நான். துவங்கியதும் அது திணறும். ஓட ஓடத்தான், அடிக்கடி தேவைப்படும் பகுதிகளை கணினிக்கு நேரடியாகப் புரியும் இயந்திர மொழிக்கு மாற்றிக்கொண்டு வேகமெடுக்கும். வேகத்தை அளந்தபோது அந்த முதல் சில நிமிடங்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒருநாள் பார்த்தால், நர்ஸ் செல்வி தன் பெயரையே இருபது முறை தேடியிருந்தார். விளையாட்டுக்கும் ஓர் அளவில்லையா? எரிச்சலில், ஒரே பெயரைத் திரும்பத் தேட முடியாமல் அடைத்துவிட்டேன்.

மறுவாரம் நான் அங்கிருந்தபோது கரண்டு போய் வந்தது. கம்ப்யூட்டர் அப்போதுதான் எழுந்தது. அதற்குள் நினைவில்லாத ஒருவரைத் தூக்கி வந்தார்கள்.

"ஏதோ ஊசி ஒத்துக்காதுன்னு போன தடவை நீங்கதானே சொன்னீக!" என்று அவர் மனைவி கதறினார்.

டாக்டர் ஊசியுடன் காத்து நின்றார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கரண்டு வந்ததும் எம்பேரைத் தேடித் தேடித்தான் இதை வேகமா ஓட வைப்பேன். யாரு இதை அடைச்சது?" என்று செல்வி கத்தினார்.



ஒருவழியாகப் பதிவு வந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர் கையில் இருந்ததேதான். ஊசியைக் கீழே வைத்தார். நோயாளி பிழைத்தார்.

இப்போது கரண்டு வந்ததும் மென்பொருளே இருபது முறை செல்வியைத் தேடிக்கொள்கிறது. அடைத்தது நான்தான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.