பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள்

பாலக்காட்டு எல்லையில் வடகரப்பதிப் பக்கம் மாடு நொண்டினால் முதலில் மாட்டாஸ்பத்திரிக்கு யாரும் போன் போடுவதில்லை. கந்தப்பனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வைத்தியர் இல்லை. ஊசி போடத் தெரியாது, மருந்துப் பெயர் ஒன்றும் வாயில் நுழையாது. எந்தக் கால், எந்த இடம், எத்தனை நாளாக என்று சொல்லிவிடுவார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு டாக்டரை வரவழைப்பது அவரவர் பாடு.

அவர் பார்க்கும் விதமே தனி. மாட்டுக்கு முன்னால் போய் நிற்கவே மாட்டார். ஆள் முகத்தைக் கண்டால் மாடு வலியை அமுக்கிக்கொண்டு நேராக நிற்கும், நாம் ஏமாந்துபோவோம் என்பார். சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு இருபதடி பின்னால் நடப்பார். மேட்டில் ஏற்றிப் பார்ப்பதைவிட இறக்கத்தில் இறக்கிப் பார்ப்பதில்தான் அவருக்கு நம்பிக்கை. பிறகு நோவுள்ள பக்கமாகவே சின்ன வட்டம் அடிக்க வைப்பார். கடைசியில் ஈர மண்ணில் விழுந்த தடத்தைக் குனிந்து பார்ப்பார். மாட்டையே பார்க்காமல் தடத்தை மட்டும் பார்த்துச் சொன்னதும் உண்டு. இத்தனை கெட்டிக்காரர் தன் கால் விஷயத்தில் கோட்டை விட்ட கதைதான் இது.

கந்தப்பனுக்கு வயது அறுபத்தொன்று. மனைவி மருதாத்தாள் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள் செல்வப்பிரியாவுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தோட்டத்து வீட்டில் இப்போது இவரும் ஒரு செவலைப் பசுவும்தான். சுற்றிலும் தென்னையும் சோளக்காடும். பக்கத்துத் தோட்டத்துக் குருசாமி வீட்டு விளக்கு தெரியும், பேச்சு கேட்காது. காலையில் செவலையோடு நாலு வார்த்தை பேசுவார். சொசைட்டியில் பால் ஊற்றும்போது வெயிலைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் ஆமாம் என்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் வீடியோவில் வருவாள். அதற்குப் பிறகு மறுநாள் விடியும்வரை அவர் தொண்டைக்கு வேலை கிடையாது.

அம்மாவின் காரியம் முடிந்த கையோடு மகள் அவரைக் கூட்டிப்போகத்தான் பார்த்தாள். இவர் மாட்டைக் காரணம் காட்டினார். சரி, உடம்பு நன்றாக இருக்கும்வரை இருங்கள், கை கால் முடியவில்லை என்று தெரிகிற அன்றைக்கே செவலையை விற்றுவிட்டு வந்துவிட வேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். இவரும் தலையாட்டிவைத்தார். அந்தப் பன்னிரண்டாவது மாடி வீட்டில் பத்து நாள் இருந்து பார்த்தவர் அவர். பகல் முழுக்க ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல். இங்கேயும் தனிமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவர் காலடிச் சத்தம் கேட்டால் தலை தூக்கிப் பார்க்க இங்கே ஓர் உயிர் இருந்தது.

ஆவணியில் ஒரு நாள் காலை. செவலைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாத்திரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக் கறந்துகொண்டிருந்தார். ஈ கடித்ததோ என்னவோ, மாடு இடுப்பை இவர் பக்கம் தள்ளியது. பால் சிந்தக் கூடாதே என்று பாத்திரத்தோடு சட்டென்று ஒரு பக்கம் திரும்பினார். பாதம் ஊன்றிய இடத்திலேயே இருந்தது, வலது முட்டி மட்டும் திருகியது. உள்ளே களுக்கென்று ஏதோ சத்தம். பெரிய வலி இல்லை. மீதிப் பாலையும் கறந்து, கேனை டிவிஎஸ் வண்டியில் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்கும் போய்வந்தார். அப்போதே வீங்கியிருந்தால் பயந்திருப்பார். வீக்கம் மறுநாள் காலையில்தான் வந்தது. அதற்குள் அந்தக் களுக் அவருக்கு மறந்துபோயிருந்தது.

வாய்வு என்று முடிவு கட்டினார். நம் ஆட்களுக்கு எந்த நோவும் முதலில் வாய்வுதானே. உருளைக்கிழங்கை நிறுத்தினார், தைலத்தைச் சூடு பண்ணித் தேய்த்தார். வீக்கம் பாதி வடிந்தது. ஆனால் முட்டியின் உள்பக்கம், மேலெலும்பும் கீழெலும்பும் சேருகிற கோட்டில், ஒரே ஒரு விரல் வைக்கிற இடத்தில் நோவு நின்றுகொண்டது. மோட்டார் ரூம் படியில் ஏறினால் ஒன்றுமில்லை, இறங்கினால் சுருக்கென்றது. கறந்துவிட்டு எழும்போது சில நாள் முட்டி பாதியில் சிக்கிக்கொள்ளும். மடக்கவும் வராது, நீட்டவும் வராது. செவலையின் தொடையைப் பிடித்துக்கொண்டு காலை இப்படியும் அப்படியும் ஆட்டினால் விடும். அதுவரை செவலை அசையாமல் நிற்கும். விஷயம் அவர்கள் இரண்டு பேரோடு இருந்தது.

மகளிடம் மூச்சு விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கிறேன் என்று தினமும் சொன்னார். சொசைட்டியில் வண்டியைப் பால் ஊற்றும் மேடையை ஒட்டியே நிறுத்தினார். மாடு பார்க்கக் கூப்பிட்டவர்களிடம் ஏதோ சாக்குச் சொன்னார். அவர் நடந்து யாரும் பார்க்கவில்லை. முன்பெல்லாம் காட்டுக்குப் போகும்போது மருதாத்தாள் சோற்றுத் தூக்குப்போசியோடு பின்னால் வருவாள். செருப்பு ஒரு பக்கம் தேய்ந்திருப்பதைக்கூடப் பின்னால் இருந்தபடியே சொல்லிவிடுவாள். இப்போது பின்னால் வர யாரும் இல்லை.

ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு நாள் காலை சோளக்காட்டு வாய்க்காலோரம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிய சேற்றில் வெறுங்கால் தடம் வரிசையாகப் போயிருந்தது. பழக்க தோஷம், குனிந்தார். வலது எட்டு குட்டை. வலது குதிகால் பதியவே இல்லை, முன்பாதம் மட்டும் பதிந்து வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. வாய்க்கால் வளைகிற இடத்தில் நல்ல கால் உள்ளவன் ஒரே எட்டில் திரும்பிவிடுவான். இந்த ஆள் மூன்று குட்டி எட்டு வைத்துத் திரும்பியிருந்தான். வலது முட்டிக்குள் அடி, ஒன்றரை மாதம் இருக்கும், காலைத் திருகப் பயப்படுகிறான் என்று கந்தப்பன் மனதுக்குள் கணித்துக்கொண்டார். யார் இந்த ஆள் என்பது மட்டும்தான் பிடிபடவில்லை.

தன் காட்டுக்குள் கேட்காமல் நுழைவதா என்று கோபம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கோபத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. யாரோ இந்தப் பக்கம் வந்துபோகிறார்கள். மூன்று வருஷமாக அந்த வாய்க்காலோரம் அவர் காலைத் தவிர இன்னொரு மனுஷக் கால் பட்டதாக அவருக்கு நினைவில்லை. அதிலிருந்தே விஷயம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

வலது காலில் கோளாறு உள்ளவர் அக்கம்பக்கத்தில் குருசாமி ஒருவர்தான். எல்லையில் சாய்ந்திருந்த ஒரு தென்னைமரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று போன வருஷம் இருவருக்கும் மனஸ்தாபம். அதற்குப் பிறகு குருசாமிக்குக் காலில் ஏதோ ஆபரேஷன் என்று காதில் விழுந்தது. கந்தப்பன் போய்ப் பார்க்கவில்லை. இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குருசாமியிடம், வண்டியை விட்டு இறங்காமலே, சேற்றில் தடம் பார்த்தேன், காலையில் எங்கள் காட்டு வழியாக வந்தீர்களா என்று கேட்டார்.

குருசாமி வலது காலை மூடியிருந்த துண்டை விலக்கினார்.

"எங்கால்ல மூணு வெரலுதான் மாப்ள மிச்சம். சக்கரை தின்னுபோட்டுது. நீ பார்த்த தடத்துல எத்தனை வெரலு?"

"அஞ்சு" என்றார் கந்தப்பன்.

"அப்ப வேற ஆளத் தேடு. ஆமா, வண்டிய உட்டு எறங்கிப் பேசுனா கொறைஞ்சா போயிருவே?"

அவசரம் என்று ஏதோ சொல்லிக் கிளம்பிவிட்டார். கூப்பிடு தூரத்தில் ஒருவன் இரண்டு விரலை இழந்திருக்கிறான், தனக்குத் தெரியவில்லை என்பது வழியெல்லாம் உறுத்தியது. நேராக வாய்க்காலுக்குத்தான் போனார். இந்த முறை விரல்களை நிதானமாகப் பார்த்தார். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். அதைச் சொல்லி மருதாத்தாள் கேலி பண்ணாத நாள் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முன்பாதம் மட்டும் பதிந்தது, வெளிப்பக்கம் திரும்பி. முந்தின நாள் தண்ணீர் பாய்ச்ச வெறுங்காலோடு இறங்கியது அவரேதான்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரப்பில் உட்கார்ந்து அழுதார். முட்டிக்காக அழவில்லை. வந்துபோகிற அந்த ஆள் இல்லையென்று ஆகிவிட்டதே, அதற்காகத்தான். வெட்கம் கெட்ட அழுகை என்று அவருக்கே தெரிந்தது, பார்க்க ஆளில்லாததால் அழுது முடித்தார். அப்புறம் எழுந்து, மாட்டுக்குச் செய்வதையெல்லாம் தனக்குச் செய்து பார்த்தார். இறக்கத்தில் இறங்கினார், சுருக்கென்றது. வலப்பக்கமாகச் சின்ன வட்டம் அடித்தார், உள்ளே ஏதோ இடறியது. இதே மாடாக இருந்தால் முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

மறுநாள் பஸ் ஏறிப் பாலக்காட்டில் எலும்பு டாக்டரைப் பார்த்தார். லிஜி என்று பெயர், சின்ன வயது. எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே அந்த ஒரு விரல் இடத்தைச் சரியாக அழுத்தினார். முட்டியை மடக்கிப் பாதத்தைத் திருப்பியபோது அதே களுக். ஸ்கேனும் எடுத்தார்கள். முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே மோட்டாருக்கு வாஷர் மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது, அதன் ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்று மலையாளத்தில் விளக்கினார். பாதம் ஊன்றியிருக்கும்போதே முட்டி திருகியது, வீக்கம் மறுநாள் வந்தது, இறங்கும்போது வலிப்பது, பாதியில் சிக்கிக்கொள்வது எல்லாம் அதன் அடையாளங்கள்தான். முதல் வாரமே வந்திருக்க வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டு இதே காலோடு குந்தி எழுந்திருந்தால் கிழிசல் பெரிதாகி எலும்பும் தேய ஆரம்பித்திருக்கும். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். ஆறு வாரம் குந்தக் கூடாது, முட்டியைத் திருகக் கூடாது, சொல்லித்தரும் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். மறுபடி சிக்கிக்கொண்டால் உடனே வர வேண்டும். வீட்டில் யார் கவனித்துச் சொன்னார்கள் என்று கடைசியில் டாக்டர் கேட்டார். கந்தப்பன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆறு வாரம் குந்தக் கூடாது என்றால் கறக்க முடியாது. இனி மறைக்கவும் முடியாது. அன்று சாயங்காலம் மகளிடம் தானே சொல்லிவிட்டார். அவள் முதலில் எத்தனை நாளாக என்று கேட்டாள். அப்புறம் நடந்து காட்டச் சொன்னாள்.

"முன்னால இருந்து பார்த்தா தெரியாது கண்ணு. நான் அந்தப் பக்கமா போறேன், நீ பின்னால இருந்து பாரு" என்றார்.

போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்துவைத்துவிட்டு, மூன்றாவது தென்னைவரை இறக்கத்தில் நடந்தார். வலியை அமுக்கவில்லை, வந்தபடி நடந்தார். திரும்பி வந்தபோது போனில் மகளின் முகம் நனைந்திருந்தது.

"தெனமும் பேசறனேப்பா. எனக்கு எப்படித் தெரியாம போச்சு?"

"நீ மூஞ்சியத்தான கண்ணு பார்த்தே."

அவள் சொல்லும்வரை காத்திருக்க அவரால் முடியவில்லை, செவலையை விற்றுவிடட்டுமா என்று தானே கேட்டுவிட்டார். தொட்டிக்கு அந்தப் பக்கம் செவலை சோளத்தட்டு தின்றுகொண்டிருந்தது.

"ஆறு வாரத்துக்குக் குருசாமி மாமனூட்டுல கட்டுங்க, நானே அவங்களுக்குப் போன் பண்ணறேன்" என்றாள் மகள். "ஆனா தெனமும் இதே மாதிரி எனக்கு நடந்து காட்டோணும். ஒரு நாள் காட்டாம உட்டீங்கன்னாலும் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

மறுநாள் காலை குருசாமியின் மருமகள் மௌனிகா வந்து செவலையை ஓட்டிக்கொண்டு போனாள். கேட்டைத் தாண்டும்போது அது ஒருமுறை கத்தியது. அன்றைக்குப் பேச அவருக்கு ஆளே இல்லை. கொட்டகையை இரண்டு தரம் கூட்டினார், கட்டுத்தறிக் கயிற்றைச் சுருட்டி வைத்தார், சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார். டாக்டர் சொன்ன பயிற்சியைச் சொன்னதற்கு மேலேயே செய்தார். பகல் நகர்வதாகத் தெரியவில்லை.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. தொட்டி மேல் சாய்த்துவைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் மகள் இருக்கிறாள் என்பது தெரிந்ததும் கால் கூச்சப்பட்டது, பிறகு பழகிக்கொண்டது. வலது காலை மெதுவாக வைக்கச் சொன்னாள், வைத்தார். செருப்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்றாள். மூன்றாவது தென்னை வந்ததும், போதும்ப்பா, திரும்புங்க என்றாள். காதில் விழாதவரைப் போல இன்னும் நாலு எட்டு நடந்தார்.