வாயைத் திறந்து காட்டு

மாத்திரையை முழுங்கியதும் வாயை அகலத் திறப்பார். நாக்கை மேலே தூக்குவார். பிறகு இடக்கன்னத்தையும் வலக்கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டுவார். அக்கா கைபேசி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்து, "ம், போ" என்பாள். மனச்சிதைவு என்று மருத்துவர் சொன்னதிலிருந்து தினமும் காலையில் இந்தச் சோதனைதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் அந்த மனிதர் ஒரு நாளும் மாத்திரையைத் துப்பியதில்லை. அதை யார் நம்பினார்கள்?

அன்று கடையில் ஒரு டீச்சர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெளிவாகத் தெரிகிறதா என்று லென்ஸ்காரர் முகத்தையே உற்றுப் பார்த்தார். பழக்க தோஷம். அவர் வாய் தானாகத் திறந்தது. நாக்கு தூக்கிக்கொண்டது. விரல் கன்னத்துக்கே போய்விட்டது.

"யோவ், இது கண்ணாடிக் கடைய்யா, பல் டாக்டர் கடையில்ல!" முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். டீச்சரும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

லென்ஸ்காரருக்கு உச்சந்தலை வரை சுட்டது. வாய்விட்டுக் கத்தவும் முடியாது. கத்தினால், "மாத்திரை போடலையா?" என்பார்கள். மற்றவர்களுக்கு வந்தால் கோபம். அவருக்கு வந்தால் மட்டும் நோய்.

மதியமே மருத்துவமனைக்குப் போனார்.

"மாத்திரை முழுங்குறதுல கஷ்டமில்ல டாக்டர். வாயைத் தொறந்து காட்டுறதுதான் முடியல. வேற வழியே இல்லையா?"

"மாசம் ஒரு ஊசி இருக்கே. மருந்து கொஞ்சம் கொஞ்சமா உடம்புல இறங்கும். ஒத்துக்குதான்னு பார்த்துட்டுப் போடலாம். உங்க அக்காகிட்ட ஆரம்பத்துலயே சொன்னேன், வேண்டாம்னுட்டாங்க."

"உடம்பு என்னோடது. கேட்டது அக்காகிட்டயா? நான் எங்க போயிருந்தேன்?"

"வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தீங்க."

"கூப்பிட்டா எழுந்து வர மாட்டேனா சார்?"

மருத்துவர் பேனாவைத் திறந்து மூடினார். "கூப்பிட்டிருக்கணும்," என்றார்.

ஊசி ஒத்துக்கொண்டது. மாத்திரை நின்றுபோன முதல் நாள் காலையிலும் அக்கா வெளிச்சத்தோடு வந்து நின்றாள். அவர் வாயை இறுக மூடியபடி சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடித்தார்.

"இந்த வாய் இனிமே சாப்பிடவும் சண்டை போடவும் மட்டுந்தான்க்கா."

அக்கா அன்று ஏன் மறுத்தாள் என்பது வெகுநாள் கழித்து மாமா சொல்லித்தான் தெரிந்தது. ஊசி என்றதும் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததாம். "மாத்திரையைத் துப்புறவங்களுக்குப் போடுங்க டாக்டர். என் தம்பி யாரையும் ஏமாத்த மாட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாளாம்.

அப்படிச் சொன்ன மறுநாள் காலையிலிருந்துதான் வாயைத் திறக்கச் சொன்னாள்.