பொட்டலம் கைமாறிய சாயங்காலம்

எங்கள் கடைவீதிச் சங்கத்துக்கு ட்ரோன் வந்த அன்று தலைவர் அதற்குச் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் சுற்றி, தேங்காய் உடைத்தார். தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் இது. கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, பூங்கா மூன்றையும் சைக்கிளிலேயே ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம். ஆனால் பாத்திரக்கடை வைத்திருக்கிற தலைவருக்கு ஊரை வானத்திலிருந்து பார்த்தால்தான் திருப்தி. கஞ்சா விற்பவர்களைப் பிடிக்கப்போவதாகச் சொன்னார்கள். அதைப் பறக்கவிட, கல்யாண வீடியோ எடுக்கிறவரை அமர்த்திக்கொண்டார்கள்.

கஞ்சா அகப்படவில்லை. சுவரோரம் ஒதுங்கியவர், பூங்காவில் ஒரே ஐஸ்கிரீமைத் தின்ற காலேஜ் ஜோடி, பெஞ்சில் தூங்கிய சுமை தூக்குபவர், இவர்கள்தான் அகப்பட்டார்கள். எல்லாம் சங்கத்து வாட்ஸப் குழுவுக்கு வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரி என்ற முறையில் நானும் அதில் உறுப்பினர். படத்துக்குக் கீழே சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளிய பெரிய மனிதர்கள், மறுநாள் கல்லாவில் விபூதி பூசி உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு இடது கால் பிறவியிலேயே சற்றுக் குட்டை. நடந்தால் ஒரு பக்கம் சாயும். அதனால் எனக்கு ஒரு வேலையும் நின்றதில்லை, கல்யாணம்தான் நின்றது. காபித் தட்டோடு அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் வந்தவர்கள் முகம் சுருங்கிவிடும். அதன்பிறகு என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அதனால் வடுகபட்டி பூண்டு வியாபாரி வீட்டிலிருந்து பெண் கேட்டபோது, பூங்காவில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வீட்டாரும் யாரோ எவரோ மாதிரி பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடலாம், யாருக்கும் அவமானம் இல்லை. பிடித்திருந்தால் பையன் வீட்டுப் பெண் ஒருத்தி வந்து, கோயில் பூ என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

காலைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடு என்றேன். அம்மா கேட்கவில்லை.

"மொதல்ல மொகத்தப் பாக்கட்டும்டி. புடிச்சதுன்னா அன்னைக்கே நானே போன்ல சொல்லிப்புடுறேன்."

அவர்கள் வருவதற்கு முன்பே என்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டாள். அவர்களும் வந்து அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பையன் கூச்சத்தோடு பார்த்தான், நானும் பார்த்தேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. தலைக்கு மேலே ஏதோ இரைந்துகொண்டிருந்ததை நான் சட்டை செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் பையனின் சித்தி எழுந்து வந்து, பஸ் நேரம் கேட்கிற மாதிரி குனிந்து, என் மடியில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் கார் போன பிறகுதான் நாங்கள் எழுந்து நடந்தோம்.

வீடு வந்து சேர்வதற்குள் குழுவில் வீடியோ வந்துவிட்டது. 'வெளியூர் கார். சந்தேகத்துக்கிடமான பார்வைகள். பொட்டலம் கைமாறியது. உறுப்பினர்கள் உஷார்' என்று தலைவர் எழுதியிருந்தார். பெண் பார்த்துப் பெண் பார்த்தே வளர்ந்த ஊரில், பெண் பார்ப்பது இன்னதென்று ஒரு மடையனுக்கும் தெரியவில்லை. படத்தில் யார் முகமும் இல்லை. என் தலைவகிடு தெரிந்தது, பிறகு பூங்கா வாசல்வரைக்கும் என் நடை தெரிந்தது. யார் என்று கண்டுபிடிக்க அந்த நடை போதுமாயிருந்தது. அட, நம்ம ஜெராக்ஸ் கடைப் பிள்ளை என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த வீடியோ அம்மாவின் போனை முந்திக்கொண்டு வடுகபட்டிக்குப் போய்விட்டது. பையனின் சித்திதான் பேசினாள். பையனுக்குச் சம்மதம்தானாம், பெண் லட்சணமாம்.

"ஆனா நாலு பேரு பாத்துட்டாக. எங்க தெருவுல போன்ல வச்சுப் பாத்துச் சிரிக்கிறாகம்மா. நாங்க என்ன செய்ய?"

கால் குட்டை என்றாவது சொல்லியிருக்கலாம். ஊர் பார்த்துவிட்டதாம். அவளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பான், அந்தச் சம்மதக்காரன்.

அடுத்த வாரம் தலைவரே வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை எடுத்துப் போட்டேன். மனிதர் நாற்காலி எடுக்க நான் நடந்ததை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"மார்க்கையன்கோட்டையில நமக்கு வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்காரு ஆத்தா. ரெண்டாந்தாரம்தான். வீடியோவப் பாத்துட்டு அவரேதான் கேட்டாரு. அவருக்கும் கால் லேசா இழுக்கும், சோடி சரியா இருக்கும்."

அம்மா இந்த ஆளைப் பார்த்து எழுந்து வெளியே போ என்று சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குப் புள்ளைக இருக்காண்ணே?" என்று கேட்டாள்.