மூலை மடித்த சீட்டு

வாசல்வரை வந்த தாயைத் திருப்பி அனுப்பினேன். சாகக் கிடந்த மகளிடம், யாரும் வரவில்லை என்றேன். இந்தப் பாவத்தை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

ரங்கூனில் ஒரு தேக்கு வியாபாரியின் பங்களாவில் நான் பட்லர். துரைசாணி இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் மகள். வியாபாரியைக் கட்டிக்கொண்டதற்காகத் தகப்பன் அவரைத் தலைமுழுகிவிட்டார். தாய் கடிதம் எழுதவும் தடை. ஆனாலும் இவர் கப்பலுக்குக் கப்பல் தாய்க்கு எழுதுவார். பதில் வந்ததே இல்லை.

அந்தக் கோடையில் துரைசாணிக்கு விஷக்காய்ச்சல். துரை காட்டுக்கு மரம் பார்க்கப் போயிருந்தார். யாரையும் உள்ளே விடாதே என்பது டாக்டரின் உத்தரவு. வெள்ளைக்காரர்களிடம் அதற்கென்றே ஒரு வாசகம் உண்டு: அம்மா வீட்டில் இல்லை. மாடியில் இருமல் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். வந்தவரும் மறுபேச்சின்றி, வாசல் பெட்டியில் பெயர்ச் சீட்டைப் போட்டுவிட்டுப் போவார். நேரில் வந்ததற்கு அடையாளமாகச் சீட்டின் மூலையை மடிப்பார்கள்.

ஒரு நண்பகல், வாடகைக் குதிரைவண்டியில் ஒரு கிழவி வந்தாள். சாயம்போன உடுப்பு, தைத்துப் போட்ட கையுறை, உலர்ந்த பூவின் வாசனை. எனக்கு இளக்காரம்... பிரபு குலத்தார் மோட்டாரில்தான் வருவார்கள் என்று நினைத்த மடையன் நான்.

"சாயங்காலம் என் கப்பல் கிளம்புது. ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாப் போதும்."

"அம்மா வீட்டுல இல்லீங்க."

மேலே ஜன்னலை ஒரு முறை பார்த்தாள். மகளே அப்படிச் சொல்லச் சொன்னாள் என்று நினைத்திருப்பாள். சீட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் சீட்டுகளை வெள்ளித் தட்டில் வைத்து மாடிக்கு எடுத்துச் சென்றேன்.

"சவரிமுத்து, நேத்து எங்கம்மா குரல் கேட்ட மாதிரி இருந்தது. அவங்க சீட்டுல எங்க குடும்பப் பேர் இருக்காது. பிரபுவோட மனைவிக்குப் பட்டத்துல வர்ற ஊர்ப்பேர்தான்" என்று அந்த ஊரைச் சொன்னார் துரைசாணி.

தட்டில் மேலாக இருந்தது அந்தப் பெயர்தான். மூலை மடிந்திருந்தது.

கப்பல் போய்விட்டதே, சொன்னால் இவர் தாங்கமாட்டாரே என்றா நினைத்தேன்? இல்லை... என் வேலை போய்விடுமே என்று நினைத்தேன். சீட்டைச் சட்டைக் கைக்குள் தள்ளினேன்.

"யாருமே வரலையா?"

"யாரும் வரலீங்கம்மா."

"நீ பொய் சொல்லமாட்டே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான்காம் நாள் இறந்துபோனார்.

இப்போது ரங்கூன் துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில், கப்பல் சங்கு கேட்கும் ஒரு வரிசைவீட்டில் இருக்கிறேன். சீட்டை எரிக்கத் துணிவில்லை. டிரங்குப் பெட்டியில், வேதபுத்தகத்தின் அடியில் வைத்திருக்கிறேன். மடிந்த மூலையை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து நிமிர்த்தினேன். அடுத்த நண்பகல் பார்த்தால் மடிந்திருந்தது. மறுபடி தேய்த்தேன்... மறுபடி மடிந்திருந்தது. பெட்டிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. பிறகு மடிப்பது யார்? நானேதானா?

இன்று நண்பகல் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். சந்து முழுக்க வெயில், ஆளில்லை. உலர்ந்த பூவின் வாசனை மட்டும் என்னைத் தாண்டி உள்ளே போயிற்று.

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்: "யாருங்க வந்தது?"

"யாரும் வரல" என்றேன்.